கொடிவழியும் கணிப்பொறியும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. மூலத்தைத் தேடிப் புறப்பட்டால் இருக்கிற பெருமையும் குறைந்து போகலாம் என்பது அதன் உட்கருத்து. நான் 32 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். ஒன்றைப் பார்க்கலாகாது என்று சொன்னால், மாணவர்க்கு அதன்மேல்தான் ஆவல் பிறக்கும் என்பதை நன்கு அறிவேன். ஆகவே இன்று மூலத்தைத் தேடும் வேலையைப் பற்றியும், அதற்குத் துணை செய்யும் கணிப்பொறி மென்பொருள்களைப் பற்றியும் சிறிது பேச எண்ணுகிறேன்.

முதலில் உங்களுக்கு ஒரு சிறு தேர்வு வைக்கிறேன். அஞ்ச வேண்டா, மதிப்பெண் கிடையாது. உங்கள் பாட்டன் பாட்டிமார் நால்வர். அவர்களுடைய தாய் தந்தையர் எண்மர். அந்த எண்மரின் பெயர்களையும் உங்களில் எத்தனை பேர் சொல்ல முடியும்? நான் ஓய்வு பெற்ற ஆண்டில் இதே கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். ஐந்து பெயர்கள்தாம் வந்தன. அந்த ஐந்தில் நான்கு ஆண்களின் பெயர்கள். மூன்று தலைமுறைக்குள் நம்மைச் சுமந்து வளர்த்த பெண்களின் பெயர்கள் எவ்வளவு விரைவில் அழிந்துவிடுகின்றன என்று அன்று உணர்ந்தேன். உடனே ஒரு பெரிய தாளை விரித்து எழுதத் தொடங்கினேன். தாள் போதவில்லை, இன்னொரு தாளை ஒட்டினேன், அதுவும் போதவில்லை. நடுவில் ஒரு பெரியம்மாளை விட்டுவிட்டது தெரிந்தபோது முழுவதையும் திரும்ப வரைய வேண்டியதாயிற்று.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரிய நாட்டவரான மிகாயேல் ஐட்சிங்கர் என்பவர் 1590-ஆம் ஆண்டில் ஓர் எண்முறையைக் கையாண்டார். 1676-இல் ஸ்பெயின் நாட்டுத் துறவி ஜெரோனிமோ தெ சோசா அதனைப் பின்பற்றினார். 1898-இல் ஜெர்மானியரான ஸ்டீபன் கெக்குலே ஃபான் ஸ்ட்ரதோனிட்ஸ் அதற்குப் பெரும் பரவலைத் தேடித் தந்தார். முறை மிக எளியது. உமக்கு எண் 1, உம் தந்தைக்கு 2, தாய்க்கு 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண் வரும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண் வரும். ஆகவே தந்தையின் தந்தை 4, தந்தையின் தாய் 5, தாயின் தந்தை 6, தாயின் தாய் 7. கணிப்பொறி அறிந்த மாணவர்களுக்கு இதில் ஓர் அழகு தெரியும். 14 என்ற எண்ணை இருமக் கணக்கில் எழுதினால் 1110. முதல் ஒன்றை நீக்கிவிட்டு, ஒன்றைத் தாய் என்றும் சுழியைத் தந்தை என்றும் படியுங்கள்: தாய், தாய், தந்தை. அதாவது தாயைப் பெற்ற தாயின் தந்தை. கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே அதற்கு ஏற்ற கணக்கு பிறந்துவிட்டது.

ஆனால் நம் நாட்டுக் குடும்பங்களில் இந்த அழகிய கணக்குக்கும் ஒரு சிக்கல் நேரும். ஒருவர் தம் அக்காள் மகளை மணக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய குழந்தைக்குத் தந்தையைப் பெற்றவர்கள் 4-உம் 5-உம் ஆவார்கள். தாயைப் பெற்ற தாயோ தந்தையின் அக்காள். எனவே அவளைப் பெற்றவர்களும் அவர்களே. அந்த வழியில் அவர்களுடைய எண் 14, 15 என்று வரும். ஒரே கிழவர் நாலாம் எண்ணாகவும் நிற்கிறார். பதினாலாம் எண்ணாகவும் நிற்கிறார்! குழந்தைக்கு அவர் பாட்டனாரும் ஆவார், பூட்டனாரும் ஆவார். இதைத் தாளில் வரைந்தால் கோடுகள் வளைந்து வந்து பின்னிக்கொள்ளும். குடும்ப மரம் என்று சொல்கிறோம். உண்மையில் அது மரமன்று, வலை.

இவ்விடத்தில்தான் கணிப்பொறியின் உதவி புலப்படுகிறது. வமிசாவளி மென்பொருள் எதுவாயினும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் ஏடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஏடு. இன்னார் இந்தக் குடும்பத்தில் பிள்ளை, அந்தக் குடும்பத்தில் தந்தை என்று ஏடுகளுக்கிடையே முடிச்சுப் போடுகிறோம். அந்தக் கிழவரை ஒரு முறைதான் எழுதுகிறோம். படத்தில் அவர் இரண்டு இடத்தில் தோன்றினாலும் ஏடு ஒன்றே. விட்டுப்போன பெரியம்மாளைச் சேர்ப்பதற்குத் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை.

இனி, எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? கடைக்குப் போனால் பேனாவிலேயே பத்து வகை இருக்கிறது. இவற்றிலும் அப்படியே. நான் அறிந்த சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது கிராம்ப்ஸ். இது 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. விலை இல்லை, அதன் மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். பல நாடுகளிலுள்ள ஆர்வலர்கள் கூடி வளர்ப்பது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கற்றுக்கொள்ளச் சிறிது பொறுமை வேண்டும். முதல் நாளிலேயே மனம் கவர்வதன்று.

இரண்டாவது ரூட்ஸ்மேஜிக். அமெரிக்காவில் 2003-இல் வெளிவந்தது. விலைக்கு விற்கப்படுவது, ஆனால் சில வசதிகளைக் குறைத்து விலையின்றிக் கொடுக்கும் பதிப்பும் உண்டு. இதனைக் கையாள்வது கிராம்ப்ஸைவிட எளிது. மேல்நாட்டுப் பெரிய பதிவேட்டுத் தளங்களோடு இணைந்து, உம் முன்னோரைப் பற்றிய குறிப்பு அங்கே இருக்கலாம் என்று சுட்டிக் காட்டும்.

மூன்றாவது ஃபேமிலி ட்ரீ மேக்கர். 1989-இலேயே பிறந்த பழையவர். ஆன்செஸ்ட்ரி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் உள்ள மரத்தையும் உம் கணிப்பொறியில் உள்ள மரத்தையும் ஒன்றுபோல் வைத்துக்கொள்வது இதன் சிறப்பு. இதுவும் விலைக்கு.

இவையெல்லாம் உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் குடியிருப்பவை. இவையன்றி, இணையத்திலேயே குடியிருப்பவை உண்டு. 2003-இல் இஸ்ரேலில் தொடங்கிய மைஹெரிட்டேஜ், 2007-இல் வந்த ஜெனி, 2008-இல் வந்த விக்கிட்ரீ, மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் ஆகியவை அத்தகையன. ஜெனி, விக்கிட்ரீ, ஃபேமிலிசர்ச் ஆகியவற்றில் உலகத்தார் எல்லாரும் கூடி ஒரே மரத்தை வளர்க்கும் ஏற்பாடு உண்டு. சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா, கனடாவில் ஓர் அத்தை என்று சிதறிய குடும்பத்துக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றில் எல்லாரும் நீர் மொள்ளலாம் என்றால், எல்லார் வாளியும் அதில் இறங்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆராய்ந்து எழுதிய பெயரை முன்பின் அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு மாற்றிவிடலாம்.

விளம்பரங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் படங்களின் அழகைப் பாராட்டிக்கொள்கிறது. விசிறி போன்ற படம், வண்ணப் படம், சுவரில் மாட்டும் படம் என்று பலவகை. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகே அழகைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதற் கேள்வி: நம் பெயரை அது எழுத விடுகிறதா?

இம்மென்பொருள்கள் மேல்நாட்டில் பிறந்தவை. அங்கே பெயர் இரு பகுதி கொண்டது: இட்ட பெயர், குடும்பப் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. பெயருக்கு முன் ஓர் எழுத்து. அது தந்தையின் பெயரில் முதலெழுத்து. அந்த எழுத்தைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் தந்தைக்கு ஒரு குடும்பம், மகனுக்கு வேறொரு குடும்பம் என்று மென்பொருள் எண்ணிவிடும். கிராம்ப்ஸில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று குறிக்க இடம் உண்டு. தந்தை பெயரால் வந்தது என்று அங்கே குறிக்கலாம். மற்றவற்றில் அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, முழுப் பெயரையும் இட்ட பெயர்க் கட்டத்திலேயே எழுதுவது குழப்பமற்ற வழி.

இதைப் பற்றி நினைக்கும்போது பழைய பதிவேடு ஒன்று என் நினைவுக்கு வருகிறது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் அங்கே இறங்கியது அதுவே முதல் தடவை. 1911 வரையில் இவ்வாறு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் சென்றனர். அவர்களைப் பதிந்த ஏடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. மனிதரை எண்ணாக மாற்றிய கொடிய ஏற்பாடு அது. ஆனாலும் தந்தை பெயருக்கு ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் அவர்களுடைய பேரர்களின் பேரர்கள் தமிழ்நாட்டில் தங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். பெயரை அதன் முறைப்படி எழுதிவைப்பது சிறிய காரியமன்று.

இரண்டாம் கேள்வி: நம் காலக் கணக்கை அது ஏற்கிறதா?

இம்மென்பொருள்களில் ஆங்கில நாட்காட்டி இருக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியும், யூதருடைய நாட்காட்டியும், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டியும் பலவற்றில் உண்டு. கிராம்ப்ஸில் இஸ்லாமிய நாட்காட்டியும் உண்டு. நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுச் சுழற்சி இல்லை. அது இல்லாததைப் பெருங்குறையாக நான் முதலில் எண்ணவில்லை. ஆண்டை மாற்றி எழுதிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டு விட்டது என்பதைச் சொல்கிறேன்.

என் பாட்டனார் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். நெல் விற்ற கணக்கு, கூலி கொடுத்த கணக்கு இவற்றுக்கிடையே வீட்டில் நடந்த பிறப்பு இறப்புகளையும் குறித்து வைப்பது அவர் வழக்கம். அதில் ஓரிடத்தில் என் பூட்டனாரின் பெயரும், பார்த்திப வருடம் ஆவணி மாதம் பிறப்பு என்றும் இருந்தது. வேறோர் இடத்திலும் அதே பெயர், அதே பார்த்திப வருடம், அதே ஆவணி. ஒரே செய்தியைப் பாட்டனார் மறந்துபோய் இரண்டு முறை எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். பார்த்திப என்றால் 1885; அதை மென்பொருளில் பதித்தேன். இரண்டாவது குறிப்பை விட்டுவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்பதையும் குறிக்கவில்லை. விசிறிப் படம் மிக அழகாக வந்தது.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் படத்தை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். என் அத்தைக்கு அப்போது எண்பதைக் கடந்த வயது. படத்தில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் படித்துக் காட்டினேன். தம் தந்தையின் பிள்ளைகள் இருந்த வரிசைக்கு வந்தபோது, விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். “ஐந்துதான் போட்டிருக்கிறாய் தம்பி, எனக்குப் பின்னே பிறந்தவன் எங்கே?” என்று கேட்டார். அப்படி ஒருவர் பிறந்ததே எனக்குத் தெரியாது என்றேன். “உனக்கு எப்படித் தெரியும்? மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அப்பாவின் அப்பா பெயரைத்தான் அவனுக்கு வைத்தது. நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவேன்” என்றார்.

நேயர்களே, பேரனைத் தமிழில் பெயரன் என்று சொல்வதன் பொருளை எத்தனையோ வகுப்பில் நான் விளக்கியிருக்கிறேன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பார்த்திப வருடம் 1885-இல் வந்தது. அறுபது ஆண்டு கழித்து 1945-இல் திரும்பவும் வந்தது. பாட்டனுக்கும் பெயரனுக்கும் ஒரே பெயர், ஒரே ஆண்டுப் பெயர், ஒரே மாதம். இரண்டு முறை எழுதியவர் மறதியால் எழுதவில்லை. ஒன்று தம் தந்தையைப் பற்றி எழுதியது. மற்றொன்று தம் மகனைப் பற்றி எழுதியது. இலக்கணம் கற்பித்த எனக்கு அந்த வேளையில் அது தோன்றவில்லை. உலகில் மூன்றே ஆண்டு வாழ்ந்த ஒரு குழந்தைக்கு எஞ்சியிருந்தது அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த வரியையும் நான் அழித்துவிட்டேன்.

ஆகையால் மாணவர்களுக்கு நான் சொல்வது இது. பார்த்திப வருடம் என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் தேதிக்குரிய இடத்திலோ குறிப்பிலோ சொற்களை எழுத இடம் உண்டு. 1885 என்பது நம் ஊகம். பார்த்திப என்பது சான்று. ஊகத்தைச் சான்றின் அருகில் வைக்கலாம். சான்றின் இடத்தில் வைத்தலாகாது.

இது மூன்றாம் கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது: ஒவ்வொரு செய்திக்கும் சான்று எழுத அது இடம் தருகிறதா?

இதில் ரூட்ஸ்மேஜிக்கும் ஃபேமிலி ட்ரீ மேக்கரும் நன்கு செய்திருக்கின்றன. கல்வெட்டு, கடிதம், பத்திரம், பதிவேடு என்று சான்றின் வகையைத் தேர்ந்தெடுத்தால் என்னென்ன விவரம் வேண்டும் என்று அவையே கேட்டு வாங்கிக்கொள்ளும். சான்று எழுதும் பழக்கம் இல்லாதவர்க்கு அது நல்ல ஆசிரியர். கிராம்ப்ஸில் அத்தகைய வழிகாட்டல் குறைவு. ஆனால் அடுக்கு முறை தெளிவானது. சான்று இருக்கும் இடம் ஒன்று, சான்று ஒன்று, அதில் நாம் எடுத்த பகுதி ஒன்று என்று மூன்றையும் பிரித்து வைக்கிறது. மேலும், இந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை குறிக்கவும் சொல்கிறது. என் பாட்டனார் தம் கையால் எழுதியதற்கு ஒரு மதிப்பு. நான் திண்ணையில் கேட்டதற்கு வேறொரு மதிப்பு. அத்தை சொன்னதை இப்போது அவ்வாறே பதிந்திருக்கிறேன்: இன்ன நாள், இன்ன இடத்தில், நேரில் கேட்டது. கணக்குப் புத்தகத்தின் அந்த இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து, இருவருடைய ஏட்டோடும் தனித்தனியே சேர்த்திருக்கிறேன். வருங்காலத்தில் என்னைவிடக் கூர்மையான ஒருவர் வந்து நான் செய்த பிழையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவருக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும் அல்லவா?

நான்காம் கேள்வி, எல்லாவற்றிலும் முக்கியமானது: அதைவிட்டு வெளியேற வழி இருக்கிறதா?

குடியேறும்போதே வெளியேறுவதைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைக்காதீர்கள். சரித்திரம் அதைத்தான் கற்பிக்கிறது. மார்மன் திருச்சபை 1984-இல் பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்னும் மென்பொருளை வெளியிட்டது. பிற்காலத்தில் அதை விலையின்றியே கொடுத்தார்கள். உலகெங்கும் மிகப் பலர் அதில் தங்கள் குடும்பங்களைப் பதிந்தார்கள். 2013-இல் அது நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சியாளர் பெரிதும் மதித்த த மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் என்பதை நிறுத்திவிடுவதாக 2014-இல் அறிவித்தார்கள். 2015 டிசம்பரில், ஃபேமிலி ட்ரீ மேக்கரை இனி விற்கப் போவதில்லை என்று அதன் அன்றைய உரிமையாளர் அறிவித்தபோது அதை நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். 2016 பிப்ரவரியில் மாக்கீவ் என்னும் வேறொரு நிறுவனம் அதை ஏற்றதால் அது பிழைத்தது. மூன்று ஆண்டுக்குள் மூன்று பெரிய வீடுகள் ஆட்டங்கண்டன. மனிதன் தன் குடும்பத்தைப் பல நூற்றாண்டு நினைவில் வைக்க விரும்புகிறான். மென்பொருளின் ஆயுளோ இருபது, முப்பது ஆண்டு.

இதற்கு மாற்றாக உள்ளது கெட்காம் என்னும் பொது எழுத்து முறை. இதையும் அதே திருச்சபைதான் 1984-இல் வகுத்தது. ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் தூதன் இது. இதன் அமைப்பு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் ஓர் எண். சுழி என்றால் ஒரு மனிதரின் ஏடு தொடங்குகிறது. அதன் கீழ் 1 என்ற வரியில் பிறப்பு. அதன் கீழ் 2 என்ற வரிகளில் பிறந்த நாளும் ஊரும். சாதாரண எழுத்துக் கோப்பாதலால், மென்பொருள் எல்லாம் மறைந்தாலும் கண்ணால் படித்துக்கொள்ளலாம். 1999-இல் எழுந்த 5.5.1 என்னும் பதிப்பு இன்னும் பரவலாகப் புழங்குகிறது. 2021-இல் வெளிவந்த 7.0 பதிப்பு, உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் இடம் தரும் யூனிகோடு முறையில்தான் கோப்பு இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. தமிழில் எழுதிய பெயர் வழியில் சிதையாமல் போய்ச் சேர இது பெரிய நன்மை.

ஆயினும் இத்தூதன் எல்லாவற்றையும் சுமந்து செல்வதில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று சில வசதிகளைச் செய்து வைத்திருக்கிறது. ஒரு திருமணத்துக்குச் சாட்சியாக நின்றவர் யார் என்று பதிந்திருந்தால், அது வழியில் உதிர்ந்துவிடலாம்; படங்கள் பின்தங்கிவிடலாம். கிராம்ப்ஸை ஆக்கியவர்களே, முழுமையான காப்புக்குத் தங்கள் சொந்தக் கோப்பு முறையை வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். அந்த முறையும் எவரும் திறந்து படிக்கக் கூடியதே. த மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் நின்றபோது, அதன் கோப்பையே நேரில் படிக்கும் வசதியை ரூட்ஸ்மேஜிக் செய்து கொடுத்தது. அதனால் பலருடைய உழைப்புக் காப்பாற்றப்பட்டது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். மென்பொருளை வாங்கிய அன்றே ஆயிரம் பேரை எழுதிவிடாதீர்கள். ஐந்து பேரை மட்டும் எழுதுங்கள். ஒரு பெயர் தமிழில் இருக்கட்டும். ஒரு தேதி தமிழ் ஆண்டில் இருக்கட்டும். ஒரு செய்திக்குச் சான்றும் ஒருவருக்குப் படமும் சேருங்கள். ஒருவர் அக்காள் மகளை மணந்தவராக இருக்கட்டும். பிறகு கெட்காம் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் செலுத்திப் பாருங்கள். போனது என்ன, வந்தது என்ன என்று பட்டியல் போடுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த ஐவர் சொல்லிவிடுவார்கள்.

என் முடிவைக் கேட்டால், பொறுமையுள்ள மாணவனுக்குக் கிராம்ப்ஸ் என்பேன். விலையில்லை, பெயரில் இடம் தருகிறது, கதவைப் பூட்டுவதில்லை. கணிப்பொறியோடு அதிகம் பழகாத பெரியவர்க்கு ரூட்ஸ்மேஜிக்கின் விலையில்லாப் பதிப்பு போதும். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பல தலைமுறையாக வாழும் குடும்பத்தார்க்கு அங்குள்ள பதிவேடுகளோடு இணைந்த ஃபேமிலி ட்ரீ மேக்கர் பயன்படும். நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த இணைப்பினால் ஆகும் பயன் குறைவு. இணையத்திலுள்ள பொது மரத்தில் சேர்வதானால், உங்கள் வீட்டில் ஒரு படியை வைத்துக்கொண்டு சேருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, இருப்பவர்களைப் பற்றியது. இறந்தவர்களின் பெயரை உலகுக்குச் சொல்வது மரியாதை. வாழ்கிறவர்களின் பிறந்த நாளையும் தாயின் பெயரையும் அவர்களைக் கேளாமல் வெளியிடுவது மரியாதை அன்று, ஆபத்தும் ஆகும். கோப்பை வெளியே கொடுக்கும்போது உயிரோடிருப்பவர்களை விலக்கிவிடும் வசதி நல்ல மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

மற்றொன்று, பெருமையைப் பற்றியது. கொடிவழி தேடுவது குலப்பெருமை பேசுவதற்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர். இருபது தலைமுறைக்கு முன் பத்து லட்சத்துக்கு மேல். முப்பது தலைமுறைக்கு முன், அதாவது சுமார் 750 ஆண்டுக்கு முன், 107 கோடிக்கு மேல். அந்தக் காலத்தில் உலகம் முழுவதிலும் ஐம்பது கோடிப் பேர்கூட இல்லை. இதன் பொருள் என்ன? ஒரே முன்னோர் ஆயிரம் வழியில் நமக்கு முன்னோராக இருக்கிறார். உங்கள் முன்னோரும் என் முன்னோரும் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாகிறார்கள். வலையை மேலே பிடித்துத் தூக்கினால் எல்லாரும் அதற்குள் இருக்கிறோம். உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று பிரித்துக் காட்டும் கட்டம் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

மென்பொருளை நாளைக்கு வாங்கலாம், அடுத்த மாதமும் வாங்கலாம். ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் இன்றைக்கே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். பிறந்தவர்களின் பெயரைக் கேளுங்கள். பிழைக்காமல் போன குழந்தைகளின் பெயரையும் கேளுங்கள். என் அத்தையை நான் இன்னும் ஓராண்டு தாமதித்துச் சந்தித்திருந்தால் அந்த ஆறாவது பிள்ளையை எனக்குச் சொல்ல எவரும் இருந்திருக்க மாட்டார். இப்போது என் மரத்தில் அவனுக்கு ஓர் ஏடு இருக்கிறது. பெயர் இருக்கிறது, பார்த்திப வருடம் ஆவணி மாதம் என்று இருக்கிறது, சான்று என்ற இடத்தில், தூக்கி வளர்த்த அக்காள் சொன்னது என்று இருக்கிறது.